சூடானதும் சிமிட்டும் ஆயில் லைட்: பம்ப்பை மாற்றும் முன் பிரஷரை அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2008 மாடல் ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல் கார் இருக்கிறது. 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்து அடங்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டி என்ஜின் நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நின்றால் ஆயில் லைட் சிமிட்டுகிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியான அளவில்தான் இருக்கிறது. ஒரு மெக்கானிக் ஆயில் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அடுத்த மாதம் குடும்பத்தோடு திருப்பதி போக வேண்டும். இப்படியே போகலாமா? பம்ப் நீண்ட நாள் உழைக்க என்ன செய்ய வேண்டும்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆயில் பிரஷரை அளக்காமல் திருப்பதிக்குக் கிளம்பாதீர்கள். உள்ளூர் ஓட்டத்தையும் அதுவரை குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மெக்கானிக்குகளில் ஒருவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் இருவரும் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. பிரஷர் அளப்பது அரை மணி நேர வேலை. உங்கள் காரில் பம்ப்பை மாற்ற டைமிங் பெல்ட்டைக் கழற்றி, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கி, பட்டறையில் ஒரு நாள் முழுக்க வண்டியை விட வேண்டும். அந்த அரை மணி நேர வேலை முடியாமல் ஒரு நாள் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

அந்தச் சிவப்பு லைட்டைப் பற்றி ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. அதனால்தான் டிப்ஸ்டிக் சரியாக இருந்தும் லைட் எரிகிறது. என்ஜின் பிளாக்கில் ஒற்றை வயர் செருகிய சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். அழுத்தம் இல்லாதபோது அது லைட்டின் வயரை எர்த் செய்து எரியவைக்கும். அழுத்தம் ஏறியதும் தொடர்பைத் துண்டித்து அணைத்துவிடும். பெரும்பாலான கார்களில் இந்த சுவிட்ச் மாறும் புள்ளி 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரைதான். நல்ல நிலையில் இருக்கும் என்ஜின், சூடாக ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போதே ஒரு பார் அளவுக்காவது காட்ட வேண்டும். ஆக, லைட் சிமிட்டுகிறது என்றால் இப்போதுதான் பிரஷர் குறைய ஆரம்பித்திருக்கிறது என்று பொருளில்லை. குறைந்து, குறைந்து, கடைசிப் படிக்கு வந்துவிட்டது என்றுதான் பொருள். சுவிட்சே பழுதாக இருந்தால் கதை வேறு. அதையும் பிரஷரை அளக்கும் கேஜ் சொல்லிவிடும்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது

உங்கள் காரில் இருப்பது சுசுகியின் ஜி13 குடும்பத்து என்ஜின். இதில் ஆயில் பம்ப், பிளாக்கின் முன்முகத்தில், கிராங்க் டைமிங் புல்லிக்குப் பின்னால் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். தனியாகச் செயினோ பெல்ட்டோ கிடையாது. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டே பம்ப்பின் உள் ரோட்டரைச் சுற்றுகிறது. உள் ரோட்டரில் எத்தனை பல் உண்டோ, அதைவிட ஒன்று அதிகமாக வெளி ரோட்டரில் குழிகள் இருக்கும். இரண்டின் மையமும் ஒரே இடத்தில் இல்லை. அதனால் சுற்றும்போது பற்களுக்கு நடுவிலுள்ள இடம் ஒரு பக்கம் விரிகிறது, மறு பக்கம் சுருங்குகிறது. விரியும் பக்கம் சம்ப்பிலிருந்து ஆயிலை இழுக்கும். சுருங்கும் பக்கம் அதை வெளியே தள்ளும்.

இழுக்கப்படும் ஆயில் சம்ப்பின் அடியில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலை வழியாக வருகிறது. பம்ப்பைத் தாண்டியதும் ஃபில்டர். ஃபில்டருக்குப் பிறகு பிளாக்கில் உள்ள முக்கியப் பாதை. அங்கிருந்து ஒரு கிளை கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளுக்கும், கிராங்கில் துளைத்த வழியாகக் கன்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்குகளுக்கும் போகிறது. இன்னொரு கிளை மேலே ஏறி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும் ராக்கருக்கும் போகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: பம்ப் இருப்பது ஃபில்டருக்கு முன்னால். என்ஜினில் வடிகட்டாத ஆயிலைக் குடிக்கும் ஒரே முக்கியப் பாகம் பம்ப்தான். ஸ்ட்ரெய்னர் வலை பெரிய துணுக்குகளை மட்டும்தான் தடுக்கும். எங்கேயாவது ஒரு பேரிங் தேய்ந்து உலோகத் தூள் உதிர்ந்தால், ஃபில்டருக்குப் போகும் முன்பே அது ரோட்டருக்கும் மூடிக்கும் நடுவில் கோடு கோடாகக் கிழித்துவிடும். பேரிங் போன என்ஜினுக்குப் பேரிங் மட்டும் மாற்றிப் பழைய பம்ப்பை அப்படியே மாட்டுவது தவறு என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு உண்மையும் இங்கே முக்கியம். பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை, ஓட்டத்தைத்தான் உண்டாக்குகிறது. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் விடும்போது முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் பீய்ச்சுகிறது. விரலை எடுத்தால் அதே தண்ணீர் சும்மா வழிகிறது. என்ஜினில் அந்த விரலின் வேலையைச் செய்வது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளி. ஜி13 வகை என்ஜின்களில் கன்ராட் பேரிங்கின் இடைவெளி புதிதாக 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கும்; 0.08 மி.மீ.யைத் தாண்டினால் பேரிங்கை மாற்ற வேண்டும் என்பது கையேட்டின் எல்லை. எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இடுக்கு வழியாகக் கசியும் ஆயில் இடைவெளியின் மூன்றாவது அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு ஏறக்குறைய எட்டு மடங்கு. பம்ப் புதிதாகவே இருந்தாலும், 800 ஆர்பிஎம்மில் அது தள்ளும் சொற்ப ஆயில் அத்தனையும் வழிந்தோடிவிடும், பிரஷர் நிற்காது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் பம்ப் வேகமாகச் சுற்றி அதிக ஆயிலைத் தள்ளுகிறது, கசிவை ஈடுகட்டுகிறது, லைட் அணைகிறது. உங்கள் காரில் நடப்பதற்கு மிகவும் பொருந்தி வரும் விளக்கம் இது.

வேகம் கூடும்போது பிரஷர் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது ரிலீஃப் வால்வு. பம்ப் உறைக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறிய பிஸ்டனும் ஸ்பிரிங்கும்தான் அது. நான்கு பார் சுற்றளவில் ஸ்பிரிங் அமுங்கி, மிஞ்சிய ஆயிலைத் திரும்ப விட்டுவிடும்.

பிரஷரை அளக்கும் முறை

0 முதல் 10 பார் வரை காட்டும் மெக்கானிக்கல் கேஜ், சுவிட்ச் துளைக்குப் பொருந்தும் எட்டில் ஒரு அங்குல டேப்பர் மரையுள்ள (முனை நோக்கிக் குறுகும் மரை) அடாப்டர், இரண்டும் இருக்கும் பட்டறையாகப் பார்த்துப் போங்கள். கேஜ் இல்லாத இடத்தில் ஆயில் பம்ப் வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஆயில் குறைவாக இருந்தால் அளவு தப்பாக வரும். மேல் கோட்டுக்கு மேலே இருந்தாலும் தப்புதான், கிராங்க் அதில் அடித்து நுரையாக்கிவிடும். டிப்ஸ்டிக்கை மோந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. அதை மாற்றிய பிறகுதான் அளக்க வேண்டும். அடுத்து சுவிட்சின் வயரைக் கழற்றி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். லைட் எரியக் கூடாது. வயரைக் கழற்றிய பிறகும் எரிந்தால் வயர் எங்கேயோ பாடியைத் தொட்டு எர்த் ஆகிறது. பம்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜை மாட்டிவிட்டு, வண்டியை 15, 20 நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்க வேண்டும். கேஜின் ஹோஸ் எக்ஸாஸ்ட்டையோ பெல்ட்டையோ தொடாமல் கட்டிவைப்பது முக்கியம். சூடான ஆயில் எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஒன்றிரண்டு முறை ஓடி நின்ற பிறகு எடுக்கும் அளவுதான் கணக்கு. காலையில் குளிர்ந்த என்ஜினில் எல்லாக் காரும் நல்ல பிரஷர்தான் காட்டும். ஐடிலிங்கில் ஒரு முறை, 2000 ஆர்பிஎம்மில் ஒரு முறை, 3000 ஆர்பிஎம்மில் ஒரு முறை எழுதிக்கொள்ளுங்கள். 3000-இல் 3 முதல் 4 பார் வரை இருந்தால் நல்லது. ஐடிலிங் வேகம் 800-ஐ ஒட்டி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். என்ஜினுக்குக் காற்றை விடும் திராட்டில் பாடி கரி பிடித்து ஐடிலிங் 600-க்கு இறங்கியிருந்தால், நல்ல பம்ப்பும் லைட்டைச் சிமிட்டவைக்கும். திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாலே தீர்ந்துபோகும் கோளாறுக்குப் பம்ப் மாற்றுவது வீண்.

அளந்து முடித்ததும் சுவிட்சைத் திரும்ப மாட்டும்போது மரையில் சீலிங் டேப் சுற்றுங்கள். முனையிலிருந்து டேப் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பிளேடால் நறுக்கிவிட வேண்டும். அந்தத் துணுக்கு உள்ளே போனால் ஏதாவது ஒரு சிறு துளையை அடைத்துக்கொள்ளும். சுவிட்சை வலுவாக முறுக்காதீர்கள். டேப்பர் மரை, பிளாக்கே விரிசல் விடும்.

அளவு என்ன சொல்கிறது

மூன்று இடத்திலும் நல்ல பிரஷர், ஆனாலும் லைட் சிமிட்டியது என்றால் சுவிட்ச் போயிருக்கிறது. சில நூறு ரூபாயில் முடியும் வேலை. சுவிட்சின் வாயில் ஆயில் கசிந்து ஈரமாக இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதிப்படும்.

ஐடிலிங்கில் சரியாக இருந்து, வேகத்தைக் கூட்டக் கூட்டப் பிரஷர் ஏறாமல் தடுமாறினாலோ இறங்கினாலோ, ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறது. குறைந்த வேகத்துக்குத் தேவையான ஆயில் வலை வழியாக வந்துவிடும். அதிக வேகத்துக்கு வராது. வலையை அடைப்பது பெரும்பாலும் கருப்புக் கசடு. ஆனால் சம்ப்பை ஏற்கெனவே ஒரு முறை கழற்றிய வண்டிகளில் இன்னொன்றையும் பார்க்கலாம்: தாராளமாகப் பூசிய சிலிகான் பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, புழுப்போலத் துண்டு துண்டாக உதிர்ந்து வலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். சம்ப்பின் அடி நசுங்கியிருந்தாலும் இதே அறிகுறிதான். உயரமான வேகத்தடையில் அடிபட்டோ, ஜாக்கியைச் சம்ப்புக்கு அடியில் கொடுத்தோ நசுங்கியிருக்கும். தகடு மேலே எழும்பி ஸ்ட்ரெய்னரின் வாயை மறைத்துவிடும். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும் விஷயம் இது. கேஜ் மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முள் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கினால் பம்ப் காற்றை இழுக்கிறது. ஸ்ட்ரெய்னர் குழாய் பம்ப்பில் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து அது பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போகும். இறுகினால் ஆயில் வெளியே கசியாது, காற்று உள்ளே கசியும். அதனால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் தாமதமாக ஏறுவதற்கும் இது ஒரு காரணம்.

குளிரிலும் சூட்டிலும், ஐடிலிங்கிலும் 3000-இலும், எல்லா இடத்திலும் பிரஷர் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு உலோகத் துணுக்கு பிஸ்டனின் ஓரத்தில் மாட்டினாலே போதும். நேர்மாறாக, வால்வு மூடியபடி சிக்கினால் குளிர்ந்த என்ஜினில் பிரஷர் எகிறும். ஃபில்டரின் ரப்பர் வளையம் பிதுங்கி ஆயில் கொட்டும். ஃபில்டர் சரியில்லை என்று திரும்பத் திரும்ப ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது உங்கள் காருக்கு நான் எதிர்பார்ப்பது: சூட்டில் ஐடிலிங்கில் 0.3, 0.4 பார், 3000-இல் சுமாராக 2.5-க்கு மேல். அப்படி வந்தால் உடனே எதையும் கழற்றாதீர்கள். கையேட்டில் இருக்கும் வெப்பநிலை அட்டவணைப்படி நம் ஊர் வெயிலுக்குச் சொல்லியிருக்கும் கிரேடு ஆயிலும், நல்ல ஃபில்டரும் போட்டு, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். பழைய ஆயில் நீர்த்துப்போனது மட்டுமே காரணமாக இருந்தால் ஐடிலிங் பிரஷர் ஒரு பார் பக்கம் ஏறிவிடும். அதற்குமேல் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கேஜ் வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏறவில்லையென்றால் தேய்மானம். தேய்ந்தது பேரிங்கா, பம்ப்பா என்பதைக் கேஜ் பிரித்துக் காட்டாது. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான். ரோட்டர் தேய்ந்த பம்ப்பிலும் ஆயில் உள்ளேயே திரும்பிக் கசியும். அதுவும் சூட்டில், ஐடிலிங்கில்தான் அதிகம் தெரியும். சம்ப்பை இறக்கி இரண்டையும் ஒரே நாளில் அளந்துவிடுவதுதான் வழி.

20டபிள்யூ-50 பற்றி. 100 டிகிரி செல்சியஸில் 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 50 கிரேடுக்கு (20டபிள்யூ-50 இதில் சேரும்) 16.3 முதல் 21.9 வரை. கெட்டியான ஆயில் அதே இடுக்கில் மெதுவாகக் கசியும், கேஜில் எண் ஏறும், லைட் அணையும். மெக்கானிக் சொன்னது அந்த அளவுக்கு நிஜம். ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். உங்களை எச்சரித்துக்கொண்டிருந்த லைட் மட்டும் வாயடைத்துப்போகும். அதோடு காலையில் குளிர்ந்த என்ஜினில் அந்தக் கெட்டி ஆயில் ஸ்ட்ரெய்னர் வழியாக ஏறி கேம் ஷாஃப்ட் வரை போகக் கூடுதல் நேரம் பிடிக்கும். தேய்மானத்தை அளந்து, என்ஜின் வேலைக்குச் சில மாதம் கழித்துத்தான் பணம் ஒதுக்க முடியும் என்று தெரிந்தே ஊற்றினால் அதில் குற்றம் சொல்ல மாட்டேன். அளக்காமல் ஊற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

காலைச் சத்தம் தனிக் கோளாறாக இருக்கலாம். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் தகடு உண்டு; என்ஜின் நின்ற பிறகு ஆயில் சம்ப்புக்குத் திரும்பி வடியாமல் அது தடுக்கும். மலிவு ஃபில்டர்களில் அந்த ரப்பர் சீக்கிரமே விறைத்துவிடும். இரவெல்லாம் ஃபில்டர் காலியாகி, காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் பேரிங்குக்கு ஆயில் அனுப்பும். அந்த இரண்டு மூன்று விநாடி உலோகம் உலோகத்தோடு தட்டுகிறது. கம்பெனி ஃபில்டர் போட்டும் சத்தம் நிற்கவில்லையென்றால் மேலே சொன்ன ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

பம்ப்பைக் கழற்றினால் எதை அளப்பது, எப்படி மாட்டுவது

சம்ப்பை இறக்க எக்ஸாஸ்ட்டின் முன் குழாயையும் கிளட்ச் ஹவுசிங்கின் கீழ்த் தகட்டையும் கழற்ற வேண்டியிருக்கும். வடிக்கும் ஆயிலைச் சுத்தமான தட்டில் பிடித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு வெளியே வந்துவிட்டது. அதன் பிறகு பம்ப் மட்டும் மாற்றுவதில் பயனில்லை. மினுக்கல் இல்லாவிட்டாலும் ஒரு கன்ராட் மூடியையாவது கழற்றி, பிளாஸ்டிகேஜ் என்னும் நசுங்கும் இழை வைத்து, கையேட்டு டார்க்கில் (முறுக்கு விசை) முறுக்கித் திரும்பக் கழற்றி, நசுங்கிய அகலத்தை அளவுத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 0.08 மி.மீ. எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பம்ப்பின் பின்தகட்டைக் கழற்றினால் இரண்டு ரோட்டரும் தெரியும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வெளி ரோட்டருக்கும் உறைக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். ஜி வகை என்ஜின்களுக்கான கையேட்டு எல்லை 0.31 மி.மீ. பிறகு உறையின் முகத்தில் நேர்கோல் ஒன்றை வைத்து, கோலுக்கும் ரோட்டர்களுக்கும் நடுவில் ஃபீலர் விடுங்கள், எல்லை 0.15 மி.மீ. இரண்டாவது அளவில்தான் பம்ப்புகள் பெரும்பாலும் தோற்கும். மூடித் தகட்டில் விரல் நகம் மாட்டும் ஆழத்துக்கு வட்டக் கீறல்கள் இருந்தாலும் பம்ப்பை முழுசாக மாற்றிவிடுங்கள். லேத்தில் தகட்டைத் தேய்த்துத் தருகிறேன் என்பார்கள். ரோட்டரும் உறையும் சேர்ந்தே தேய்ந்திருக்கும்போது அது அரைகுறை வேலை. ரிலீஃப் வால்வின் பிஸ்டனை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் தடவி, துளையில் விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது கேஸ்கெட், முன்பக்க ஆயில் சீல், ஸ்ட்ரெய்னர் ஓ-ரிங் மூன்றும் கட்டாயம் புதிது. டைமிங் பெல்ட் மாற்றி 50,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தால் அதையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் இதோடு மாற்றிவிடுங்கள், கூலி மிச்சம். சீலின் உதடு கிராங்க் முனையில் ஏறும்போது மடிந்துகொள்ளும். ஆயில் தடவி, வழிகாட்டி உறை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். பம்ப் போல்ட்டுகளுக்கு 11 நியூட்டன் மீட்டர் டார்க் போதும், அலுமினியம் உறை. முறுக்கிய பிறகு பம்ப் கேஸ்கெட்டின் கீழ் முனை சம்ப் அமரும் முகத்தில் லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கூர்மையான கத்தியால் பிளாக்கோடு சமமாக நறுக்குங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு, பிறகு அந்த மூலையில் ஆயில் கசிகிறது என்று சிலிகானை அப்புகிறார்கள். அந்தச் சிலிகான்தான் நாளைக்கு ஸ்ட்ரெய்னருக்குப் போகும். சம்ப்புக்குப் பேஸ்ட் 3 மி.மீ. தடிமனில் ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாகப் போட்டால் போதும். எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று ட்யூபில் போட்டிருப்பதைப் படித்து, அதுவரை ஆயில் ஊற்றாதீர்கள்.

ரோட்டர்கள் காய்ந்தபடி மாட்டப்பட்டால் பம்ப்புக்கு உறிஞ்சும் சக்தி வராது. மூடும் முன் ரோட்டர்களுக்கு நடுவில் ஆயிலை நிரம்ப ஊற்றிக் கையால் சுற்றிவிடுங்கள். புதிய ஃபில்டர் நிமிர்ந்து மாட்டும்படி இருந்தால் அதிலும் பாதி ஊற்றலாம். முதல் முறை என்ஜினை நேரடியாக ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஃப்யூயல் பம்ப் ரிலேயைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து பத்து விநாடியாக, நடுவில் ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி விட்டுச் சுழற்றுங்கள். இக்னிஷனை மட்டும் துண்டித்துச் சுழற்றினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சேரும். ஆகவே துண்டிக்க வேண்டியது பெட்ரோலைத்தான். கேஜ் முள் அசைந்து, லைட் அணைந்த பிறகே ரிலேயைத் திரும்பப் போட வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐந்து விநாடிக்குள் பிரஷர் காட்டவில்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

பம்ப் நீண்ட நாள் உழைக்க

பம்ப்புக்கென்று தனியாகச் செய்யும் பராமரிப்பு எதுவும் இல்லை. நீங்கள் ஊற்றும் ஆயில்தான் அதற்கு உணவும் மருந்தும். இந்த வயதுள்ள என்ஜினுக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் சேர்த்து. கடைவீதிக்கும் பள்ளிக்கும் மட்டும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடும் வண்டியில், ஓடிய தூரம் குறைவு என்று ஆறு மாதத்துக்குமேல் தள்ளிப்போடாதீர்கள். என்ஜின் முழுசாகச் சூடாகாததால் பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கிக் கசடாகும். கசடு முதலில் தேடிப்போவது ஸ்ட்ரெய்னரைத்தான். பழைய ஆயில் சூடாக இருக்கும்போதே வடியுங்கள், அழுக்கு சேர்ந்து வெளியேறும்.

என்ஜினின் உட்புறத்தைக் கழுவ ஊற்றும் என்ஜின் ஃப்ளஷ் திரவம் பற்றி ஓர் எச்சரிக்கை. தொடக்கத்திலிருந்தே நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டிக்கு அது தேவையில்லை. ஆயில் மாற்றாமல் கசடேறிய வண்டிக்கு அது ஆபத்து. பத்து ஆண்டு படிந்ததை ஒரே நாளில் கட்டி கட்டியாகப் பெயர்த்துச் சம்ப்பில் இறக்கும். அது பம்ப்புக்குப் போகாமல் தடுக்க ஸ்ட்ரெய்னர் மட்டும்தான் வழியில் நிற்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். கருப்பாகத் தார் மாதிரி படிந்திருந்தால் சம்ப்பை இறக்கிக் கையால் சுத்தம் செய்வதே பாதுகாப்பு. அதற்குப் பின் 1,500, 2,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை ஆயில் மாற்றினால் மிச்சம் மெல்லக் கரைந்து வரும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. எல்லாக் காரிலும் பம்ப்பை கிராங்க் நேரடியாகச் சுற்றுவதில்லை. சிலவற்றில் செயின், ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் போன்ற சில என்ஜின்களில் ஆயிலுக்குள்ளேயே ஓடும் ரப்பர் பெல்ட். இதே 1.0 என்ஜினின் ஆயில் பம்ப் பெல்ட் டென்ஷனர் கோளாறுக்காக 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஈகோஸ்போர்ட், ஃபோகஸ் கார்களை ஃபோர்ட் திரும்ப அழைத்தது. ஆயிலில் ஊறும் பெல்ட் உள்ள வண்டியில் தயாரிப்பாளர் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். பொருந்தாத ஆயிலில் ரப்பர் உப்பி உதிரும், உதிர்ந்தது ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். திருப்பதி பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதால் நேரம் போதுமானது. இந்த வாரமே கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகு ஒருமுறை அளந்து விடுங்கள். சூட்டில் ஐடிலிங்கில் 0.8 பாருக்கு மேலும் 3000-இல் 3 பாருக்கு மேலும் நின்றால் தாராளமாகப் போய்வரலாம். அதற்குக் கீழே என்றால் இந்தப் பயணத்துக்கு வேறு வண்டி பாருங்கள். வழியில் எங்கேயாவது ஐடிலிங்கில் அல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே லைட் எரிந்தால், அடுத்த பட்டறை பக்கத்தில்தானே என்று ஓட்டிப் போகக் கூடாது. கிளட்சை மிதித்து, ஓரமாக ஒதுக்கி, அந்த இடத்திலேயே என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். பிரஷர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே கிராங்கைக் கிரைண்டிங் செய்ய வேண்டிய அளவுக்குப் பேரிங் கடித்துவிடும்.